வீட்டில் கில்ட் தைத்தல்: குறுகும் மடிப்புகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தில் குடியிருக்கும் எங்கள் நண்பர் வட்டத்தில் திருமணம், பட்டமளிப்பு, பிள்ளைகளின் பள்ளி நடன விழா என்று ஏதாவது ஒன்றுக்குக் கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்பு வைத்த மரபு உடை, தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. கையால் தைத்த நல்ல கம்பளிக் கில்ட்டின் விலை பல நூறு பவுண்டு என்பதால், ஓரளவு தையல் தெரிந்தவர்கள் வீட்டிலேயே தைக்க முனைகிறார்கள். முனைந்தவர்கள் அனைவரும் ஏறத்தாழ ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே, எளியதிலிருந்து கடினமானது வரை கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

கில்ட் என்பது சுற்றிலும் மடிப்பு வைத்த பாவாடைதானே? பாவாடை தைக்கத் தெரிந்தவருக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது?

கில்ட்டில் சுற்றிலும் மடிப்பு இருப்பதில்லை. முன்பக்கத்தில் இரண்டு தட்டையான பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. அவற்றை மேல் ஏப்ரன், கீழ் ஏப்ரன் என்பார்கள். மடிப்புகள் அனைத்தும் ஒரு விலாப்புறத்திலிருந்து மறு விலாப்புறம் வரை பின்பக்கத்தில் மட்டுமே அமைகின்றன. இவை எல்லாம் ஒரே நீண்ட துணியிலிருந்து வருபவை. பாவாடைக்கு வெட்டுவதுபோலத் தனித்தனித் துண்டுகள் வெட்டி உடலின் வடிவத்தைக் கொண்டுவருவதில்லை. வடிவம் முழுவதும் மடிப்பிலிருந்தே பிறக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலாண்டின் மக்கள் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து உடுத்திய பெரிய கில்ட் தைக்கப்படாத துணிதான். கையால் மடித்து, இடுப்பில் பெல்ட்டால் கட்டி, மேல் பகுதியைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் மேல் பகுதியை விட்டுவிட்ட சிறிய கில்ட் பரவியது. 1746ஆம் ஆண்டுச் சட்டம் ஹைலாண்ட் உடையைத் தடைசெய்தது. 1782இல் அந்தத் தடை நீங்கியது. மடிப்புகளைத் தைத்தே நிலைநிறுத்திய கில்ட் 1790களில் தோன்றுகிறது. பெல்ட் கட்டிய காலத்தில் இடுப்பின் ஒடுக்கத்தைப் பெல்ட்டின் இறுக்கமே பார்த்துக்கொண்டது. தைக்கத் தொடங்கிய பிறகு அந்த வேலை தையலுக்கு வந்து சேர்ந்தது. நாம் பேசப்போகும் குறுகல் அதுதான்.

‘குறுகும் மடிப்பு’ என்கிறீர்களே, மடிப்பு எங்கே தொடங்கி எங்கே குறுகுகிறது?

பின்புறத்தின் மிக அகலமான இடத்தைத் தையற்காரர்கள் சீட் என்பார்கள். ஒவ்வொரு மடிப்பும் அந்த மட்டத்தில் அதிக அகலமாகவும், மேலே இடுப்பு மட்டத்தில் சற்றுக் குறைந்த அகலமாகவும் தெரியும்படி தைக்கப்படுகிறது. சீட்டிலிருந்து மேல் விளிம்பு வரை தைக்கப்படும் இந்தப் பகுதிக்கு ஃபெல் என்று பெயர். அதற்குக் கீழே மடிப்புகள் தைக்கப்படுவதில்லை. இஸ்திரியால் மட்டுமே மடிந்து, நடக்கும்போது தாராளமாக அசைகின்றன.

இதில் ஒன்றை மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள்: குறுகல் சீட்டுக்கு மேலே மட்டும்தான் இருக்க வேண்டும். சீட்டிலிருந்து கீழ் ஓரம் வரை ஒவ்வொரு மடிப்பின் விளிம்பும் துணியின் ஒரே இழையைப் பின்பற்றி நேராக இறங்க வேண்டும். என்னிடம் சரிசெய்யக் கொண்டுவரப்படும் கில்ட்டுகளில் பெரும்பாலானவற்றின் குறை இந்த ஒரே விதியை மீறியதால் வந்தது.

என்னென்ன அளவுகள் எடுக்க வேண்டும்? என் பேன்ட் அளவை வைத்தே தைத்துவிடலாமா?

பேன்ட் அளவு உதவாது. இக்காலப் பேன்ட் இடுப்புக்குக் கீழே உட்காருகிறது. கில்ட்டோ தொப்புள் மட்டத்தில், விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய இடத்தில் கட்டப்படுகிறது. மரபான ஆண்கள் கில்ட் அதற்கும் மேலே ஏறத்தாழ 5 செ.மீ. உயர்ந்து நிற்கும். ஆகவே நாடாவால் புதிதாக அளந்துதான் ஆக வேண்டும்.

நான்கு அளவுகள் போதும்: இடுப்புச் சுற்றளவு, சீட் சுற்றளவு, இடுப்பிலிருந்து சீட் வரையிலான இறக்கம், இடுப்பிலிருந்து முழங்கால் வரையிலான நீளம். இறக்கம் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 18 முதல் 20 செ.மீ. இருக்கும். நீளத்தைச் சரிபார்க்க, அணிபவரை முழந்தாளிடச் சொல்லுங்கள்; கீழ் ஓரம் தரையைத் தொடாமல் ஓர் அங்குல அளவு மேலே நின்றால் சரி. சீட்டை அளக்கும்போது நாடாவை இறுக்க வேண்டாம். இடுப்பைச் சற்று இறுக்கலாம், பக்கிள் போட்டு இறுக்கிக்கொள்ள வழி உண்டு. சீட்டில் அப்படி எந்தச் சலுகையும் இல்லை.

கடையில் ‘எட்டு கஜக் கில்ட்’ என்கிறார்கள். உண்மையிலேயே எட்டு கஜம் துணி வேண்டுமா?

அது ஒரு மரபுப் பெயர். 1790களின் தைத்த கில்ட்டுகள் நான்கு கஜ அளவிலேயே தைக்கப்பட்டன. உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை உங்கள் துணியின் செட் தீர்மானிக்கிறது. கில்ட் தைக்கும் கட்டம்போட்ட துணியான டார்டானில் கோடுகளின் ஒழுங்கு ஒருமுறை முழுமையாக வந்து முடியும் தொலைவே செட்.

கோட்டுக்கு மடிக்கும் முறையில் (அதை ஏழாம் கேள்வியில் விளக்கியிருக்கிறேன்) ஒரு மடிப்பு ஒரு செட் அளவு துணியை எடுத்துக்கொள்ளும். செட் 15 செ.மீ., மடிப்புகள் 26 என்றால் மடிப்புகளுக்கு மட்டும் 390 செ.மீ. ஆகும். இரண்டு ஏப்ரன்களுக்கும் அவற்றின் ஓரத்தில் வரும் ஆழமான மடிப்புகளுக்குமாக ஏறத்தாழ 180 செ.மீ. சேர்த்தால் 570 செ.மீ.; அதாவது ஆறு கஜத்துக்குச் சற்று மேல். செட் பெரிதானால் எட்டு கஜத்தை எளிதில் எட்டிவிடும்.

இந்த நீளம் ஒற்றை அகலக் கணக்கு. ஏறத்தாழ 150 செ.மீ. அகலத் துணி வாங்கினால், அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் ஒரு மடிப்பின் உள்மறைவில் இணைத்துவிடலாம். எனவே எட்டு கஜக் கில்ட்டுக்கு நான்கு கஜமே வாங்க வேண்டியிருக்கும். மீதமாகும் பட்டையில் இடுப்புப் பட்டி கிடைக்கும். பிளப்பதற்கு முன் கடைசிக்கு முந்தைய கேள்வியைப் படித்துவிடுங்கள்.

கம்பளிதான் வேண்டுமா? பாலியஸ்டர் கலந்த துணியோ பருத்தியோ ஆகாதா?

ஆகும், ஆனால் வேலையின் தன்மை மாறும். கில்ட்டுக்கென்று நெய்யப்படும் கம்பளி கெட்டியான ட்வில் நெசவு. ஒரு கஜத்துக்கு 13 அல்லது 16 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 370 அல்லது 450 கிராம் எடையுள்ளது. அது ஈரமும் சூடும் பட்டதும் மடிப்பை நினைவில் வைத்துக்கொள்கிறது. மூன்று மில்லிமீட்டர் குறுகலைச் சுருக்கம் இல்லாமல் உள்வாங்கிக்கொள்கிறது. அதன் கீழ் ஓரம் பிரியாதபடி நெய்யப்பட்டிருப்பதால் அடியில் மடித்துத் தைக்கவும் வேண்டியதில்லை. முதல் முயற்சிக்கே கம்பளி வாங்கச் சொல்லுவேன். துணி நல்லதாக இருந்தால் கை செய்யும் சிறு பிழைகளை அது பொறுத்துக்கொள்ளும்.

பாலியஸ்டர்–விஸ்கோஸ் துணி விலை குறைவு, வீட்டில் துவைக்கலாம். வளரும் பிள்ளைகளுக்கு அதுவே பொருத்தம். ஆனால் மடிப்பு விரைவில் தளரும். பருத்தி ட்வில், டெனிம் போன்றவற்றில் ஒவ்வொரு மடிப்பின் விளிம்பிலும் மேலிருந்து கீழ்வரை ஒரு மெஷின் தையல் ஓட்டிவிட்டால்தான் மடிப்பு நிற்கும். இத்துணிகளில் அடியோரத்தை மடிப்பு வைப்பதற்கு முன்பே தைத்து முடித்துவிடுங்கள்.

மடிப்பு எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம், எவ்வளவு குறுக வேண்டும்? கணக்கைப் புரியும்படி சொல்லுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். சீட் 104 செ.மீ., இடுப்பு 88 செ.மீ. தொடக்கமாக, ஒவ்வொன்றிலும் பாதி முன்பக்க ஏப்ரனுக்கு, பாதி பின்பக்க மடிப்புகளுக்கு. எனவே மடிப்புகள் அனைத்தும் சேர்ந்து சீட்டில் 52 செ.மீ., இடுப்பில் 44 செ.மீ. வர வேண்டும். ஒரு மடிப்பு சீட்டில் 2 செ.மீ. தெரியட்டும் என்று முடிவெடுத்தால் 52ஐ 2ஆல் வகுக்க 26 மடிப்புகள். அதே 26ஆல் 44 செ.மீ.யை வகுத்தால் 16.9 மி.மீ.; 17 என்று வைத்துக்கொள்ளலாம். ஆக ஒவ்வொரு மடிப்பும் சீட்டில் 20 மி.மீ.யாகத் தொடங்கி இடுப்பில் 17 மி.மீ.யாக முடிகிறது. குறுகல் வெறும் 3 மி.மீ.தான்.

இந்த 3 மி.மீ. மிகச் சிறியது என்பதால்தான் கவனம் தேவைப்படுகிறது. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு மில்லிமீட்டர் மட்டும் தவறினால், 26 மடிப்புகளில் அது 2.6 செ.மீ. ஆகிவிடும். ஆகவே தனி மடிப்பை மட்டும் அளந்துகொண்டு போகாதீர்கள். ஐந்து மடிப்பு தைத்ததும் ஐந்தையும் சேர்த்து அளந்து பாருங்கள்: சீட்டில் 100 மி.மீ., இடுப்பில் 85 மி.மீ. வர வேண்டும். சற்றுக் கூடியிருந்தால் அடுத்த ஐந்தில் பங்கிட்டுக் குறைத்துவிடலாம், யார் கண்ணுக்கும் தெரியாது. இருபத்தாறும் முடிந்த பிறகு தெரிந்தால் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இடுப்பு மட்டத்துக்கு மேலுள்ள 5 செ.மீ. உயரத்தில் மேலும் குறுக்க வேண்டாம். விலாப்பகுதி மீண்டும் அகலமாவதால், அங்கே மடிப்பு 17 மி.மீ.யிலேயே நிற்கட்டும், அல்லது இம்மியளவு விரியட்டும்.

செட்டுக்கு மடிப்பது, கோட்டுக்கு மடிப்பது என்று இரண்டு சொல்கிறார்களே, குறுகும் மடிப்புக்கு எது எளிது?

கோட்டுக்கு மடிப்பது என்றால், டார்டானில் உள்ள ஒரே கோட்டை ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் நிறுத்துவது. இராணுவக் கில்ட்டுகளில் இதைக் காணலாம். பின்புறம் முழுவதும் அந்தக் கோடு அடுத்தடுத்து வரும். செட்டுக்கு மடிப்பது என்றால், மடித்த பிறகும் பின்புறம் விரித்த துணியைப் போலவே கட்டங்களைக் காட்டும்படி செய்வது.

முதல் முறையில் ஒரு கோட்டிலிருந்து அதே கோடு மறுபடி வரும் இடத்துக்கு, அதாவது சரியாக ஒரு செட் தள்ளிப் போகிறீர்கள். இரண்டாம் முறையில் ஒரு செட்டோடு ஒரு மடிப்பு அகலமும் சேர்த்துத் தள்ள வேண்டும்; அப்போதுதான் அடுத்த மடிப்பு கட்டத்தின் அடுத்த கீற்றைக் காட்டும். நம் எடுத்துக்காட்டில் 15 செ.மீ.க்குப் பதிலாக 17 செ.மீ. எடுப்பதால், 26 மடிப்புகளுக்கு 52 செ.மீ. துணி கூடுதலாகச் செலவாகும்.

எளிது எது என்றால் கோடுதான், தயங்காமல் சொல்வேன். மடிப்பின் நடுவில் ஒரு கோடு நின்றால் நீங்கள் இருபுறமும் சமமாகக் குறுக்குகிறீர்களா என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். செட் முறையில் கட்டங்கள் சீட் மட்டத்தில் மட்டுமே துல்லியமாகப் பொருந்தும். மேலே போகப் போக ஒவ்வொரு கீற்றின் ஓரத்திலும் சிறிது மறைவதால் கட்டம் ஒடுங்கித் தெரியும். இது பிழையல்ல, குறுகலின் இயல்பு. மடிப்பின் குறுக்கே ஓடும் கிடைக்கோடுகள் மட்டும் இரு முறைகளிலும் மடிப்புக்கு மடிப்பு இம்மி பிசகாமல் சேர வேண்டும்.

நடுக்கோடு சீட்டில் சரியாக இருக்கிறது, ஆனால் இடுப்பருகே ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறது. ஏன்?

குறுகல் முழுவதையும் ஒரே பக்கத்தில் எடுத்துவிட்டீர்கள். கண்ணுக்குத் தெரியும் ஒரு மடிப்புக்கு இரண்டு எல்லைகள் உண்டு: ஒன்று அதன் சொந்த மடிவிளிம்பு, மற்றொன்று அதன்மேல் ஏறிப் படியும் பக்கத்து மடிப்பின் விளிம்பு. பலர் சொந்த மடிவிளிம்பை இழைப்படி நேராக மேல்வரை மடித்துவிட்டு, பக்கத்து மடிப்பை 3 மி.மீ. கூடுதலாக ஏற்றிவிடுகிறார்கள். அகலம் சரியாக வந்துவிடும். கோடு நடுவிலிருந்து 1.5 மி.மீ. விலகி நிற்கும். ஒரு மடிப்பில் அது தெரியாது. இருபத்தாறும் ஒரே பக்கம் விலகி நிற்கும்போது பின்புறமே திருகினாற்போல் தோன்றும்.

ஆகவே 1.5 மி.மீ. மடிவிளிம்பில், 1.5 மி.மீ. மேலேறும் பக்கத்தில் என்று பங்கிடுங்கள். சீட்டுக்கு மேலே மடிவிளிம்பு இழையை விட்டு மெல்லச் சாயும். அந்த இடத்தில் அது அனுமதிக்கப்பட்ட சாய்வு. சாக்பீஸால் சீட்டிலும் இடுப்பிலும் இரு புள்ளி வைத்து, இடையே அடிக்கோலால் கோடு இழுத்து, அந்தக் கோட்டிலேயே மடித்துக் கச்சாத் தையல் போட்டுக்கொண்டால் கை தவறாது.

கையால்தான் தைக்க வேண்டுமா? மெஷினில் தைத்தால் குற்றமா?

குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கையால் தைக்கும்போது மடிப்பை வெளிப்புறமாகப் பார்த்தபடி, விளிம்பை அடுத்த துணியோடு மிக நுண்ணிய மறைதையலால் இணைக்கிறோம். அங்குலத்துக்குப் பத்துத் தையலாவது விழ வேண்டும். கிடைக்கோடு சேர்கிறதா, நடுக்கோடு நடுவில் நிற்கிறதா என்று ஒவ்வொரு தையலிலும் கண் பார்த்துக்கொண்டே போகும். நூல் விளிம்பு விழும் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். நிறம் மாறும் இடத்தில் நூலையும் மாற்றுபவர்கள் உண்டு.

மெஷினில் துணியின் நல்ல பக்கங்களை உள்ளே வைத்து மடித்து, பின்புறமாக ஒரு டக் போலத் தைத்து, பிறகு ஒரு பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுவார்கள். விரைவாக முடியும். கோடு நழுவினால் தைத்துத் திருப்பிய பிறகே தெரியும் என்பது அதன் தொல்லை. எனவே முதலில் கச்சாத் தையல் போட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டு மெஷினில் வையுங்கள். எப்படித் தைத்தாலும் ஃபெல் முடியும் சீட் மட்டத்தில் ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் கையால் நாலைந்து தையல் ஒரே இடத்தில் போட்டு உறுதிசெய்யுங்கள். உட்காரும்போது இழுவிசை முழுவதும் அந்தப் புள்ளியில்தான் விழுகிறது.

மெஷினில் தைத்தேன். 3 மி.மீ. குறுகல்தான் வரைந்தேன். ஆனால் இடுப்பு பல சென்டிமீட்டர் சிறியதாகிவிட்டது. எங்கே தவறினேன்?

என் முதல் கில்ட்டில் நான் செய்ததும் இதே தவறுதான். இரண்டு மாலைப் பொழுது முழுவதும் பிரித்துக்கொண்டிருந்தேன்.

டக் தைக்கும்போது துணி இரண்டாக மடிந்திருக்கிறது. தையல் கோட்டை 3 மி.மீ. உள்ளே நகர்த்தினால் இரண்டு அடுக்கிலும் 3 மி.மீ. போகும், ஆக ஒரு மடிப்புக்கு 6 மி.மீ. போய்விடும். தேவைக்கு மேல் போன 3 மி.மீ.யை 26ஆல் பெருக்கினால் 7.8 செ.மீ. வருகிறது. மெஷின் முறையில் தையல் கோடு 1.5 மி.மீ. மட்டுமே சாய வேண்டும். இதில் ஒரு நன்மையும் உண்டு: அந்த 1.5 மி.மீ. இருபுறத்து மடிப்புகளுக்கும் தானே பங்காகிவிடுவதால், எட்டாம் கேள்வியில் சொன்ன ஒதுங்கல் ஏற்படாது.

உள்ளே துணி அடுக்கடுக்காகக் குவிந்து இடுப்பு தடித்துவிட்டது. வெட்டி எடுத்துவிடலாமா?

மரபான கில்ட் தைப்பவர்கள் வெட்டுகிறார்கள். ஆனால் ஓர் ஒழுங்கில் செய்கிறார்கள். முதலில் ஃபெல்லின் அடிப்பகுதியில், உட்புறமாக, மடிப்புகளின் உள்ளடுக்குகளைக் குறுக்கே பிணைத்து ஒரு வரிசைத் தையல் போடுவார்கள். இதற்கு ஸ்டீக்கிங் என்று பெயர். தொங்கும் மடிப்புகளின் எடையை அது தாங்குகிறது. அது முடிந்த பின்பே அதற்கு மேலுள்ள மிகைத் துணியை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் கேன்வாஸ் வைத்துத் தைத்து, பருத்தி லைனிங் போட்டு மூடுவார்கள்.

கேன்வாஸைத் தவிர்த்துவிடலாமா என்று கேட்பவர்கள் பலர். தவிர்க்க வேண்டாம். பக்கிளுக்கும் பக்கிளுக்கும் இடையிலான இழுப்பை அதுதான் ஏற்றுக்கொள்கிறது. அது இல்லாவிட்டால் நீங்கள் பொறுமையாகப் போட்ட நுண்தையல்கள் அந்த இழுப்பைச் சுமந்து ஒவ்வொன்றாக விட்டுப்போகும். மெல்லிய துணியாக இருந்தாலோ, மடிப்புகள் குறைவாக இருந்தாலோ வெட்டாமலே விட்டுவிடுங்கள். வெட்டிய துணியை மீண்டும் வேறு அளவுக்கு மாற்றுவது கடினம். இதைக் கடைசிக் கேள்வியிலும் பார்ப்போம்.

முன்பக்க ஏப்ரன் தட்டையானதுதானே, அதற்கும் வடிவம் வேண்டுமா?

வேண்டும். ஏப்ரனும் இடுப்பில் ஒடுங்கி, சீட்டில் விரிந்து, அங்கிருந்து கீழ் ஓரம் வரை இன்னும் ஓரிரு சென்டிமீட்டர் விரிய வேண்டும். இல்லையெனில் உட்காரும்போது ஏப்ரன் இழுத்துக்கொண்டு மேலேறும். மேல் ஏப்ரன் மடிப்புகளோடு சேரும் இடத்தில் ஓர் ஆழமான மடிப்பு வைத்தால் அந்த ஓரம் கம்பீரமாக விழும். ஏப்ரனின் நடுவில் டார்டானின் முக்கியமான கோடு ஒன்று நிற்கும்படி தொடக்கத்திலேயே திட்டமிடுங்கள். துணியில் முதல் சாக்பீஸ் குறியே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எந்தப் பக்கம் திறக்க வேண்டும்? பக்கிள்கள் எங்கே?

ஆண்கள் கில்ட்டில் மேல் ஏப்ரனின் குஞ்சம் வைத்த ஓரம் அணிபவரின் வலப்புறம் வரும். வலப்புறம் இடுப்பில் ஒன்றும் அதற்குக் கீழே ஒன்றுமாக இரண்டு பக்கிள்கள், இடப்புறம் ஒன்று. கீழ் ஏப்ரனின் வார் இடப்பக்கத்தில் உள்ள ஒரு துளை வழியாக வெளியே வந்து அந்த இடப் பக்கிளில் மாட்டும். கில்ட் பின்னை மேல் ஏப்ரனில் மட்டும் குத்துங்கள். இரண்டு ஏப்ரனையும் சேர்த்துக் குத்தினால் நடையில் துணி கிழியும்.

மடிப்புகள் நிற்கும்போதே கீழே விரிந்து வாய்பிளக்கின்றன. இஸ்திரி போட்டும் பயனில்லை.

இஸ்திரியைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். முதலில் சீட் அளவைப் பாருங்கள்: சீட் இறுக்கமாக இருந்தால் உடல் மடிப்புகளைத் தள்ளித் திறந்துவிடும். அடுத்து ஃபெல் எங்கே முடிகிறது என்று பாருங்கள். சீட்டுக்கு மேலேயே முடிந்துவிட்டால் தைக்காத மடிப்புகள் பின்புறத்தின் வளைவின்மேல் விரிந்துகொள்ளும். மிகக் கீழே வரை போனால் அடித்தையல் தெறிக்கும். மூன்றாவதாக, இரண்டாம் கேள்வியில் சொன்ன விதி. ஒரு மடிப்பின் விளிம்பில் விரலை வைத்துச் சீட்டிலிருந்து கீழே இழையைப் பின்தொடருங்கள். விளிம்பு ஓர் இழையிலிருந்து பக்கத்து இழைக்கு நழுவினால், அந்த மடிப்பு எத்தனை முறை தேய்த்தாலும் நேராக விழாது.

இவை எல்லாம் சரியென்றால் மட்டும் இஸ்திரிக்கு வாருங்கள். மடிப்புகள் அனைத்தையும் அடிவரை கச்சாத் தையலால் பல வரிசைகளில் கட்டி, ஈரப் பருத்தித் துணியை மேலே விரித்து, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் அழுத்தி எடுங்கள். துணி முழுக்க ஆறும் வரை அசைக்காதீர்கள். ஆறிய பிறகே கச்சா நூலை உருவ வேண்டும்.

எனக்குத் தொப்பை உண்டு. இடுப்பளவு சீட்டைவிடப் பெரிது. அப்படியானால் மடிப்பைத் தலைகீழாக விரிக்க வேண்டுமா?

வேண்டாம். இந்த இடத்தில்தான் ‘பாதி முன், பாதி பின்’ என்று முன்பு சொன்ன கணக்கைக் கைவிட வேண்டும். தொப்பை முன்பக்கத்தில் இருக்கிறது. முதுகின் கீழ்ப்பகுதி எல்லோருக்கும் உள்நோக்கி வளைந்தே இருக்கிறது. இரு விலாப்புறங்களிலும் ஒரு குறி வைத்து, முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். சுற்றளவாகப் பார்த்தபோது இடுப்பு பெரிதாகத் தெரிந்தாலும், பின்பாதி மட்டும் சீட்டைவிட இடுப்பில் சிறிதாகவே இருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். மடிப்புகளுக்கு அந்தப் பின் அளவையே கொடுங்கள். குறுகல் 3 மி.மீ.க்குப் பதில் ஒரு மில்லிமீட்டராக இருக்கலாம், ஆனால் இருக்கும். மிகுதி முழுவதும் ஏப்ரனுக்குப் போகட்டும்.

மாறாக இடுப்புக்கும் சீட்டுக்கும் மிகப் பெரிய வேறுபாடு உள்ளவர்களுக்கு, ஒரு மடிப்பில் 5 மி.மீ.க்கு மேல் குறுக்க வேண்டிவந்தால், மடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டி ஒவ்வொன்றின் சுமையைக் குறையுங்கள். இவ்வகை உடலமைப்பில் நடு மடிப்பு செங்குத்தாகவும் ஓரத்து மடிப்புகள் நன்கு சாய்ந்தும் தெரியும். அது இயல்பு, சீட்டுக்குக் கீழே எல்லாம் நேராக இறங்குகின்றனவா என்பது மட்டுமே கேள்வி.

அகலத் துணியைப் பிளந்து இணைத்தேன். இணைப்புக்குப் பிறகு கோடுகளின் வரிசையே மாறிவிட்டது. இது எப்படி?

பிளந்த இரு பாதிகளில் ஒன்றுக்கு நெய்த ஓரம் கீழேயும் மற்றொன்றுக்கு மேலேயும் இருக்கும். இரண்டுக்கும் ஓரம் கீழே வர, ஒரு பாதியைத் தலைகீழாகத் திருப்புகிறோம். பெரும்பாலான டார்டான்களில் கோடுகள் முன்னும் பின்னும் ஒரே வரிசையில் வருவதால் திருப்பினாலும் வேறுபாடு இல்லை. சில டார்டான்கள் அப்படியல்ல. சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரே திசையில் சுழலும். திருப்பினால் அவற்றின் வரிசை எதிர்த்திசையாகிவிடும். அத்தகைய துணியைப் பிளந்து திருப்பக் கூடாது. முழு நீளமும் ஒரே துண்டாக வாங்குவதே வழி.

சமச்சீரான டார்டானிலும், கத்தரிக்கோல் வைப்பதற்கு முன் இரு ஓரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓரத்திலிருந்து முதல் கிடைக்கோடு இரண்டிலும் ஒரே தொலைவில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இணைப்பை மடிப்புக்குள் மறைக்கலாம். கிடைக்கோடு ஒரு சென்டிமீட்டர் ஏறி இறங்குவதை மறைக்க முடியாது.

நாளைக்கு எடை கூடினால் கில்ட்டை விரிக்க முடியுமா?

மூன்று, நான்கு சென்டிமீட்டர் வரை பக்கிள்களை நகர்த்தித் தைத்தாலே போதும். ஏப்ரன்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் அந்த இடம் இருக்கிறது. அதற்கு மேல் என்றால் மடிப்புகளைப் பிரித்து, ஆறாம் கேள்வியின் கணக்கைப் புதிய அளவுகளுக்குப் போட்டு, மீண்டும் தைக்க வேண்டும். உள்ளே மிகைத் துணியை வெட்டாமல் விட்டிருந்தால் இது ஒரு வார வேலை. வெட்டியிருந்தாலும் மடிப்புக்கு ஒரு மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்க உள்ளே துணி மிஞ்சியிருக்கும். 26 மடிப்புகளில் அது 2.6 செ.மீ. தரும். வளரும் பிள்ளைகளுக்குத் தைப்பவர்கள் உள்ளே வெட்டவே வேண்டாம், கேன்வாஸையும் பிரிக்க எளிதாகப் பெரிய தையலில் வையுங்கள்.

பிரிக்கும்போது ஒரே நாளில் எல்லா மடிப்புகளையும் பிரித்துவிடாதீர்கள். ஐந்தைப் பிரித்து, ஐந்தைத் தைத்து, சேர்த்து அளந்துகொண்டு நகருங்கள். பழைய இஸ்திரிக் கோடுகள் சீட்டுக்குக் கீழே அப்படியே இருப்பதால் அவையே உங்களுக்கு வழி காட்டும்.